எட்மண்ட் போட்ட நடுக்கோடு

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் கேன்டீனில் கடை வைத்திருந்த ஜமால் முகம்மது, எட்மண்டைப் பார்த்து "கோப்பியா, தேயா?" என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார். கேட்டால் வரும் பதில் அவருக்கு மனப்பாடம். "எது இருக்கோ குடுங்க பாய், ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்." அதனால் கைக்கு எது அகப்படுகிறதோ அதை ஊற்றிக் கொடுப்பார். எட்மண்டும் சந்தோஷமாகக் குடிப்பான். அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியின் மேல்தான் அவன் உயிரையே வைத்திருந்தான். அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

குணம் வானத்திலிருந்து விழுவதில்லை. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் அப்பா அலெக்சாண்டரும் அம்மா பிலோமினம்மாளும் சண்டை போடாத நாள் குறைவு. சண்டை முற்றினால் இருவரும் பையனை நடுவில் நிறுத்துவார்கள். "நீ சொல்லுடா, யார் மேல தப்பு?" அப்பா பக்கம் பேசினால் அம்மா சாப்பிட மாட்டாள். அம்மா பக்கம் பேசினால் அப்பா வாரக்கணக்கில் முகம் கொடுக்க மாட்டார். பாவம், பிள்ளை என்ன செய்வான்? "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்று சொல்லப் பழகிக்கொண்டான். வீடு அமைதியானது. அந்த அமைதியில் கிடைத்த ருசி அவனை விடவே இல்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பதிலை மட்டும் அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். புக்கிட் தீமா மேட்டில் இருந்த பௌதிகத் துறையின் கீழ்த்தளத்தில் அவன் ஆய்வுக்கூட உதவியாளன். அங்கே பெரிய காந்தம் ஒன்று இருந்தது. சிலிக்கன் துண்டு ஒன்றை, அரிசியை விடக் கொஞ்சம் பெரியது, கடுங்குளிரில் அந்தக் காந்தத்துக்குள் இறக்கி, அதன் இரண்டு பக்கமும் மயிரிழைக் கம்பிகளை ஒட்டி, மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பார்கள். பேனா ஒன்று காகிதச் சுருளின் மேல் ஊர்ந்து மேடும் பள்ளமுமாகக் கோடு போடும். கம்பிகளை எவ்வளவு பார்த்து ஒட்டினாலும் நேருக்கு நேர் அமையாது. அந்தக் கோணல் கோட்டிலும் ஏறிவிடும். அதைச் சரிக்கட்ட அங்கே ஒரு வழக்கம் உண்டு. காந்தத்தை ஒரு திசையில் வைத்து ஒரு தடவை அளப்பது. திசையைத் திருப்பி இன்னொரு தடவை அளப்பது. இரண்டு கோட்டையும் கூட்டிப் பாதியாக்குவது. கோணல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நடுவில் சுத்தமான ஒரு கோடு கிடைக்கும்.

கூட்டிப் பாதியாக்குவது! எட்மண்டுக்கென்றே செய்து வைத்த வேலை. ஸ்கேலும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தால் அவன் போடும் நடுக்கோட்டில் ஒரு நடுக்கம் இருக்காது. துறைத் தலைவரே அதைத் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அந்தத் துறைக்கு ஆராய்ச்சி செய்ய வள்ளிநாயகி வந்தாள். கேலாங்கில் இருந்த கிளார்க் இராஜரத்தினத்தின் மகள். இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவள், ஆனால் வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் அவள் வாயில் அப்படியே இருந்தது. மூன்று வருஷ கான்ட்ராக்ட். அதற்குள் உருப்படியாக ஒரு முடிவைக் கண்டு எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை முதல் வாரமே எட்மண்டிடம் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "என்ர தலை உங்கட கையில இருக்கு, எட்மண்ட்." அவன் காது சிவந்துபோனது. அன்றைக்கே முடிந்துவிட்டது அவன் கதை. ஆனால் அவளிடம் "சரிங்க டாக்டர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவனுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவள் என்ன தேடினாள் என்பது அவனுக்கு விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துண்டைக் குளிர வைக்கும் திரவத்தைச் செய்யும் இயந்திரம் கோளாறு என்று சொல்ல அவனைத் தேடி ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கே வந்துவிட்டாள். தமிழ்ப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. கூட்டம் முழுக்க இடது கதவில் நெருக்கியடித்து வந்தது. வலது கதவில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"மற்றக் கதவும் திறந்துதானே கிடக்கு?" என்றாள் வள்ளிநாயகி.

"ஆமா டாக்டர்."

"அப்ப ஏன் எல்லாரும் இதால வருகினம்? எப்பவும் இப்படியா?"

"இல்ல இல்ல, போன வாரம் எல்லாரும் அந்தப் பக்கம். யாரும் முடிவு பண்றது இல்ல லா. முன்னால ரெண்டு பேர் எந்தப் பக்கம் திரும்புறாங்களோ, அந்தப் பக்கமே எல்லாரும் போயிடுவாங்க."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கையைத் தட்டிச் சிரித்தாள். "இதுதான் எட்மண்ட்! இதைத்தான் நான் அந்தத் துண்டுக்குள்ள தேடுறன்!"

கோவில் வாசலில் நின்றபடியே விளக்கினாள். அந்தச் சிலிக்கன் துண்டின் மேல்தோலுக்கு அடியில் எலக்ட்ரான்கள் மெல்லிய ஏடாகப் பரவி நிற்கின்றன. மேலே கீழே போக வழியில்லை, பக்கவாட்டில் மட்டும் ஓடலாம். அவை இருந்துகொள்ள இரண்டு வீடுகள் உண்டு. இரண்டும் எல்லாவற்றிலும் சமம். இந்த வீடுதான் வேண்டும் என்பதற்குக் காரணமே கிடையாது. சாதாரணமாகப் பாதி இங்கே, பாதி அங்கே இருக்கும். ஆனால் காந்தத்தின் பலத்தை ஏற்ற ஏற்ற அவற்றின் ஓட்டம் அடங்கிப்போகும். நின்ற இடத்திலேயே சுற்றும். ஓட்டத்தில் வித்தியாசம் இல்லாதபோது மிஞ்சுவது ஒன்றே ஒன்று, பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்பது. "அப்ப அதுகள் எல்லாம் சேர்ந்து ஒரே வீட்டுக்குப் போயிடும் எண்டு நான் நினைக்கிறன். வெளியில இருந்து ஒருத்தரும் சொல்லாமலே. சமமா இருந்தது தானாச் சமம் இல்லாமப் போயிடும்." அப்படிப் போனால் காகிதத்தில் ஒற்றை மேடாக இருப்பது இரண்டு மேடாகப் பிளக்கும். காந்தம் ஏற ஏற, வழக்கமான கணக்குச் சொல்வதை விட அகலமாகப் பிளக்கும். வெளிநாடுகளிலும் பலர் இதே பாதையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்தைப் புரட்டிப்போடும் விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய வேலை நிலைக்க அது போதும்.

எழுபத்தேழில் ஒரு மழைக்காலப் பிற்பகலில் இயந்திரம் ஒழுங்காக ஓடியது. காந்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார்கள். பேனா ஊர்ந்தது. மேடு ஏறியது, உச்சியில் கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டு மேடு. நடுவில் தெளிவாக ஒரு பள்ளம்.

வள்ளிநாயகி காகிதத்தின் மேல் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கம்பி ஒட்டியதில் கோளாறு, திசையைத் திருப்பி அளந்து பாதியாக்கினால் போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திசையைத் திருப்பினார்கள். பேனா மறுபடி ஊர்ந்தது. மறுபடியும் இரண்டு மேடு! கம்பிக் கோளாறு என்றால் திசை திரும்பியதும் மேடு இருந்த இடத்தில் பள்ளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், கோடு முழுக்க ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது. அது எதனால் என்றும் எட்மண்டுக்குத் தெரியும். மேல்தோலில் கொஞ்சம் மின்னேற்றம் சிக்கிக்கொண்டால் அப்படித் தள்ளும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஒரு தாளை மற்றதன் மேல் வைத்துச் சற்று நகர்த்திவிட்டுக் கூட்டினால் இரண்டு மேடும் அப்படியே நிற்கும். நகர்த்தாமல் கூட்டினால் ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு போய் விழும். எல்லாம் மொழுமொழுவென்று ஒன்றாகிவிடும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க எட்மண்ட்?" என்று கேட்டாள். "இது உண்மையா, பழுதா? அளந்த கை உங்கட கை. நீங்க சொல்லுங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "உண்மை" என்று சொன்னால் தலைவர் தப்பு என்றாகும். தலைவர் வருத்தப்படுவார். "பழுது" என்று சொல்ல அவன் மனசு இடம் கொடுக்கவில்லை. நாக்கு நுனியில் "உண்மை" என்பதே வந்து நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு பழைய வார்த்தை வெளியே வந்தது.

"ரெண்டுக்கும் சான்ஸ் இருக்கு டாக்டர். வழக்கம் போல கூட்டிப் பாதியாக்கிடலாம்."

அவள் அவன் முகத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி. அப்படியே செய்யுங்கோ" என்றாள்.

அவனும் செய்தான். நகர்த்தாமல் செய்தான். நடுக்கமே இல்லாத ஒற்றை மேடு ஒன்று பிறந்தது. தலைவர் மெச்சிக்கொண்டார். அடப்பாவி மனுஷா, இரண்டு உண்மையைக் கூட்டி ஒரு பொய்யை உண்டாக்கினாயே என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்க அங்கே ஆள் இல்லை.

அதோடு விட்டானா? பழைய காகிதச் சுருள்களின் வெறும் பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அவற்றைக் கோவிலுக்குக் கொடுப்பது அவன் வழக்கம். அடுத்து வந்த மாதா திருநாள் சாப்பாட்டுக்கு நீள மேசைகளில் விரித்தது அந்தச் சுருள்களைத்தான், அன்றைக்கு அளந்த இரண்டு தாளும் சேர்த்து. எழுத்துப் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே, அதற்கு மேல் வாழையிலை. ஆட்டிறைச்சிக் குழம்பு ஊறிய காகிதத்தைச் சாப்பாடு முடிந்ததும் சுருட்டிக் குப்பையில் போட்டார்கள். சுருட்டிய கைகளில் எட்மண்டின் கையும் ஒன்று.

எழுபத்தொன்பதில் அவளுடைய கான்ட்ராக்ட் முடியப் போகிற சமயம், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வள்ளிநாயகி கீழ்த்தளத்துக்கு ஓடி வந்தாள். அதே மாதிரித் துண்டு, அதே இரண்டு மேடு. "எட்மண்ட், அண்டைக்கு எடுத்த அசல் ரெண்டு தாளும் வேணும். நாங்கள் முதலே கண்டனாங்கள் எண்டு காட்டலாம்."

அவன் விஷயத்தைச் சொன்னான். மேசை, வாழையிலை, குழம்பு எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி அளக்கலாம் என்றால், துறை கெண்ட் ரிட்ஜ் வளாகத்துக்கு இடம் மாறுவதற்காகக் காந்தத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைத்திருந்தார்கள். அது திரும்ப எழுந்து நிற்பதற்குள் அவளுடைய காலம் முடிந்துவிடும்.

சில நாள் கழித்து மறுபடி வந்தாள். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கனடாவில ஒரு வேலை வந்திருக்கு. இங்க ஜூனியர் காலேஜில படிப்பிக்கவும் கேட்டிருக்கினம். எனக்கு ரெண்டும் ஒண்டுதான் எட்மண்ட். ரெண்டிலயும் இதைத்தான் எண்டு எடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை." அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கோ."

மண்டூகத்துக்குக்கூட விளங்கியிருக்கும் அவள் என்ன கேட்கிறாள் என்று. எட்மண்டுக்கும் விளங்கியது. சொல்ல வேண்டியது போகாதீங்க என்று ஒரே வார்த்தை. ஆனால் அவள் இந்து, இவன் வேதக்காரன். அவள் டாக்டர், இவன் உதவியாளன். அவள் அப்பா இராஜரத்தினம் என்ன சொல்வார், அம்மா பிலோமினம்மாள் எத்தனை நாள் பட்டினி கிடப்பாள்? யார் மனசும் நோகக் கூடாது.

"ரெண்டும் நல்லதுதான் டாக்டர்" என்றான்.

"ஓம்," என்றாள் வள்ளிநாயகி. "நல்லதுதான்."

பாய லேபார் விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்கி வைத்தது அவன்தான். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

அதன் பிறகு வருஷங்கள் அது பாட்டுக்குப் போயின. கோவிலில் பாட்டுப் பாடும் ரோசம்மாவைக் கட்டிக்கொள்ளடா என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "நல்ல பொண்ணுதாம்மா" என்றான். கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரோசம்மா எவ்வளவு காலம்தான் காத்திருப்பாள்? அவளுக்கும் கல்யாணம் ஆனது. அந்த விருந்தில் பந்தி பரிமாறியவன் எட்மண்ட். அம்மாவும் கண்ணை மூடினாள். குவீன்ஸ்டவுன் வீட்டில் அவன் தனியாளானான். யாருக்கும் நியாயம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத, அப்படி ஒரு அமைதியான வீடு.

எண்பத்தைந்தில் இதே மாதிரிச் சிலிக்கன் ஏட்டைக் காந்தத்தில் வைத்து அளந்த ஜெர்மானியர் ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கெண்ட் ரிட்ஜ் வளாகம் முழுக்க அதே பேச்சாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து சொற்பொழிவு செய்தார். பின்னால் நின்று ஸ்லைடு தள்ளும் வேலை எட்மண்டுக்கு. இரண்டு சமமான வீடுகள், வெளியிலிருந்து தூண்டுதல் இல்லாமலே எல்லாம் ஒரே வீட்டுக்குச் சாய்வது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கோவில் வாசலில் நின்று ஒரு பெண் சொன்னது, இப்போது கணக்கும் பெயருமாக வந்திருந்தது. திரையில் ஒரு படம் விழுந்தது. இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். "அடுத்தது" என்றார் பேச்சாளர். இன்னொரு தடவையும் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்மண்ட் கையைப் பொத்தானில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்ததை இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தம்பி கல்யாணத்துக்காக வள்ளிநாயகி சிங்கப்பூர் வந்தாள். சிராங்கூன் ரோட்டில் தாலிக்கொடி எடுக்க நகைக்கடைக்கு வந்தவள், போன் போட்டு அவனை அந்தத் தேக்கா வட்டாரத்துக்கே வரச் சொன்னாள். எதிரே இருந்த சைவக் கடையில் உட்கார்ந்தார்கள். அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. டொராண்டோவில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாளாம். ஆராய்ச்சியை எப்போதோ விட்டாயிற்றாம். கணவர் நல்ல மாதிரியாம், ஒரு மகள் இருக்கிறாளாம். எல்லாவற்றையும் குறையில்லாமல் சொன்னாள்.

எட்மண்ட் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பத்து வருஷமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை அன்றைக்கு இறக்கி வைத்தே தீருவது என்று வந்திருந்தான்.

"டாக்டர், அன்னைக்கு ரெண்டாவது தாள்லயும் ரெண்டு மேடு இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, அவ்வளவுதான். அது உண்மைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. தோசையை ஓரத்தில் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"எனக்கும் தெரியும் எட்மண்ட். பேனா போகேக்க நானும் பக்கத்தில தானே நிண்டனான்? எனக்குக் கண் இல்லையா?"

"அப்ப ஏன் டாக்டர் நீங்க..."

"நீங்க சொல்லட்டும் எண்டு இருந்தனான். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா, நான் தலைவரோட சண்டை பிடிப்பன் எண்டு இருந்தனான்." தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மற்றதுக்கும் அப்படித்தான். நீங்க போகாதேங்கோ எண்டு சொல்லட்டும் எண்டு நான் இருந்தனான். நீங்க என்ன நினைச்சீங்க?"

"நீங்களாவே இங்க இருந்துடறேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "அந்தத் துண்டுக்குள்ள அதுகளுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லாமப் போச்சு."

வெளியே கார் வந்து நின்றது. அவள் எழுந்து, அவன் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனாள். அவளை எட்மண்ட் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். அன்றைக்கு எல்லாரும் வலது கதவு வழியாகப் போனார்கள். எட்மண்ட் பெஞ்சை விட்டு எழவில்லை. கோவில் காலியாயிற்று. மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுக் கோவில் பிள்ளை அற்புதராஜ் சாவிக்கொத்தோடு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன எட்மண்ட், உட்கார்ந்துட்டீங்க? பூட்டணும். நீங்க எந்தப் பக்கமாப் போறீங்க சொல்லுங்க, மத்ததை முதல்ல பூட்டிடறேன்."

"எந்தப் பக்கமா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தான் எட்மண்ட். பாதியில் நிறுத்தித் தலையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு கதவிலும் ஒரே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அற்புதராஜ் காத்துக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம்," என்றான் கடைசியில். "நான் இடது பக்கமாப் போறேன்."

அற்புதராஜ் தலையாட்டிவிட்டு வலது கதவைப் பூட்டப் போனார். தன் வயசில் முதல் தடவையாக எட்மண்ட் இரண்டில் ஒன்றைத் தானாகச் சொல்லியிருந்தான். அந்த இடது கதவுக்கு வெளியே அவனுக்காக யாரும் நிற்கவில்லை.